கூட்டமான பூங்கா, கடலோரத்து முட்டி

என் பிசியோதெரபி கிளினிக் புதுச்சேரியில் ஒரு முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்காரர்களைப் போய் மாடி ஏறவைக்கிறீர்களே என்று திட்டாதவர்கள் குறைவு. ஆனால் அந்தப் படிக்கட்டு எனக்குப் பல நேரம் எக்ஸ்ரேவைவிட உதவியிருக்கிறது. ஓர் ஆவணி மாதம், சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த 27 வயதுத் தம்பி ஒருவர் வந்தார். ஏறி வந்ததில் ஒரு குறையும் இல்லை. பழைய ஸ்கேனை வண்டியிலேயே விட்டுவிட்டேன், எடுத்து வருகிறேன் என்று கிளம்பியவர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது.

ஜூலையில் நண்பர்களோடு அங்கே மலைப்பகுதியில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இரண்டு இரவு, மூன்று பகல் பேக்பேக்கிங் போயிருக்கிறார். முதுகில் 18 கிலோ. மலை ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர, வலி என்று ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை, ஒரே மூச்சில் இறங்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து படியிறங்கினால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் கத்தியால் குத்துவதுபோல வலி.

இவரைப்போல வருடத்துக்கு நாலைந்து பேரையாவது பார்க்கிறேன். பிள்ளைகள் அங்கே வேலை பார்ப்பார்கள்; பெற்றோர் மே, ஜூனில் போவார்கள்; கோடை விடுமுறை, எல்லோருமாக ஒரு மலைப் பயணம். திரும்பி வந்து, “சும்மா நடந்ததுதான் மேடம்” என்பார்கள். சும்மா நடந்ததில் இப்படி ஆகாது. பயணத்தைத் திட்டமிட்ட விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அதிலும் கூட்டம் மிகுந்த பூங்கா என்றால் அந்தச் சிக்கலுக்கு ஒரு தனி வடிவம் உண்டு.

யோசெமிட்டிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 40 லட்சம் பேர் வருகிறார்கள். காட்டுக்குள் இரவு தங்க வேண்டுமானால் வருடம் முழுக்க அனுமதிச் சீட்டு கட்டாயம். சீட்டு மொத்தப் பூங்காவுக்கும் பொதுவானதல்ல. எந்தப் பாதை முனையிலிருந்து எந்த நாளில் நடக்கத் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு முனைக்கும் இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் 60 சதவீதம் 24 வாரங்களுக்கு முன்பே குலுக்கலுக்கு வரும். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள், ஜூலை முதல் தேதிக்கு 24 வாரம் முன்னால் என்றால் நமக்குப் பொங்கல் சமயம். மீதி 40 சதவீதம் பயண நாளுக்கு ஒரு வாரம் முன்பு, அந்த ஊர் நேரப்படி காலை ஏழு மணிக்கு, அதாவது இங்கே இரவு ஏழரைக்குத் திறக்கும். தீபாவளி ரயில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களை விளக்க வேண்டியதில்லை.

தம்பிக்கு நடந்ததும் அதுதான். அவர்கள் ஆசைப்பட்டது டுவாலமி புல்வெளிப் பக்கம், கதீட்ரல் ஏரிகளுக்குப் போகும் பாதை. குலுக்கலில் விழவில்லை. கடைசி வாரத்தில் மறுபடி முயன்றபோது அகப்பட்டது யோசெமிட்டி அருவிப் பாதை. லீவு போட்டாகிவிட்டது, கார் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, கிடைத்ததை விடுவானேன் என்று எடுத்துவிட்டார்கள். அந்தப் பாதை ஆறு கிலோமீட்டருக்குள் 2,700 அடி ஏறுகிறது. மீட்டரில் 820. ஏறினால் அதே 820 மீட்டரை இறங்கவும் வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் மனு போடுபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கிடைத்த பாதைக்கு உடம்பைக் கொடுக்காதீர்கள். பொங்கலன்றே உட்கார்ந்து, உங்கள் குழுவில் இருப்பதிலேயே பலவீனமான முட்டி யாருடையது என்று பார்த்து, அந்த முட்டி தாங்கும் பாதைகளை மட்டும் நான்கைந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலிலும் கடைசி வாரத்திலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே கை போகக்கூடாது. ஒன்றும் கிடைக்கவில்லையா, பூங்காவுக்கு வெளியே ஒரு அறை எடுத்து, பகலில் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். பகல் நடைக்கு இந்தச் சீட்டு தேவையில்லை (ஹாஃப் டோம் என்ற பாறை மலையின் உச்சிக்கு மட்டும் தனிச்சீட்டு, தனிக் குலுக்கல்). இரவு காட்டில் தங்கினால்தான் பயணம் என்று யார் சொன்னது?

நம் ஊர்ப் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பிரான்ஸில் மார்செய் பக்கம் கலாங்க் தேசியப் பூங்காவில், சுஜித்தோன் கடற்குடாவுக்கு 2022 முதல் கோடை நெரிசல் நாட்களில் நாளுக்கு 400 பேர்தான், அதுவும் முன்பதிவு செய்தவர்கள் மட்டும். நல்லவேளை, அங்கே இரவு கூடாரத்துக்கு அனுமதியே இல்லை. மூட்டை சிறியதாகத்தான் இருக்கும்.

சரி, இறங்குவதில் அப்படி என்ன இருக்கிறது? ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நீண்டுகொண்டே பாரம் தாங்கினால் தசை நாருக்குள் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்கு வரும். தசை களைத்தபிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், அது தாங்கவேண்டிய பாரம் முட்டிச் சில்லின் மேல் இறங்குகிறது. ஏறும்போது மூச்சு முட்டி நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும், கீழே சாப்பாடு இருக்கும், நிற்கத் தோன்றாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் துரதிர்ஷ்டம். நம் ஊர் தட்டை. சாயங்காலம் வண்டிகளை நிறுத்தியபிறகு கடற்கரைச் சாலையில் ஐந்து சுற்று நடப்பவர்கள், “தினம் ஏழு கிலோமீட்டர் நடக்கிறேன், போதாதா?” என்பார்கள். இதயத்துக்குப் போதும். இறங்குவதற்கு அது துளிகூட உதவாது. கடலூரில் இருப்பவர்களுக்காவது கேப்பர் மலை என்று ஒரு மேடு உண்டு.

ஆனால் இந்தத் தசைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒருமுறை இறங்கி வலித்துத் தேறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அதை அவ்வளவு காயப்படுத்தாது. அதனால் பயணத்துக்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் இரண்டு, மூன்று முறை நல்ல இறக்கம் இறங்கியவர்களுக்கும் இறங்காதவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எழுபது கிலோமீட்டரில் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 2025 இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபிறகு எல்லோரும் படமெடுக்கப் போகிறார்கள். நான் ஆட்களை முட்டிக்காக அனுப்புகிறேன். அதன் உயரமான குன்று ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. யோசெமிட்டி அருவிப் பாதை என்பது மூன்று ராஜகிரிக்கும் மேல் என்று சொன்னால்தான் பலருக்கு அந்த 2,700 உறைக்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பாறை அனலாகக் கொதிக்கும், ஆகவே கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் தடவை வெறும் முதுகோடு, அடுத்த தடவை நான்கைந்து தண்ணீர் பாட்டில் போட்ட பையோடு. இடையில் வாரம் இரண்டு நாள் வீட்டு மாடிப்படி. ஏறுவது எப்படியும் போகட்டும், இறங்கும்போது ஒரு படிக்கு மூன்று எண்ணுங்கள். தமிழ்நாடு வனத்துறையின் ட்ரெக்கிங் பாதைகளும் பயிற்சிக்கு நல்லவைதான், 2024 இல் 40 பாதைகளோடு முறைப்படுத்தித் தொடங்கினார்கள். ஆனால் காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை நினைத்தால், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டிலேயே ஒரு சோதனை. கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் கால் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறக்கி, மறுபடி மேலே வாருங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் நல்லது. பத்து முறைக்குள் முட்டி உள்பக்கம் சாய்ந்தாலோ, சில்லுக்கு அருகே சுருக்கென்றாலோ, முதுகுப்பை இப்போதைக்கு வேண்டாம். இடுப்புத் தசையையும் தொடைத் தசையையும் பலப்படுத்த எட்டு வாரமாவது ஆகும். அப்புறம் பார்க்கலாம்.

பைக்கு வருவோம். உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12. இதைச் சொன்னதும் கூடாரத்தையும் தூக்கப்பையையும் பற்றித்தான் பேசுவார்கள். எடை ஏறுவது பெரும்பாலும் சாப்பாட்டில். அங்கே கரடிகள் இருப்பதால், சாப்பாட்டை அவை திறக்கமுடியாத கெட்டி டப்பாவில்தான் வைக்கவேண்டும் என்பது சட்டம். பூங்காவிலேயே வாடகைக்குத் தருகிறார்கள். டப்பா காலியாகவே ஒரு கிலோ இருக்கும். சாப்பாடு மட்டுமல்ல, வாசனை அடிக்கிற எல்லாம் அதற்குள்ளேதான்: பற்பசை, சன்ஸ்கிரீன், அம்மா கொடுத்தனுப்பிய தலைவலித் தைலம். நம்மவர்கள் இரண்டு நாளைக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தேங்காய் எண்ணெய், முறுக்கு என்று அடைத்துப் பார்த்துவிட்டு, மூடி மூடவில்லை என்பார்கள். மூடாமல் இருப்பது ஒருவகையில் நல்லதுதான், டப்பா கொள்ளும் அளவே போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உப்பு குறைந்து தலைசுற்றும்.

கைத்தடி இரண்டு அவசியம். இளைஞர்களுக்கு அது கிழவர் பொருளாகத் தெரிகிறது, வெட்கப்படுகிறார்கள். இறங்கும்போது சற்று நீளமாக்கி ஊன்றினால் முட்டிக்குப் போகும் பாரத்தில் ஒரு பகுதி தோளுக்குப் போய்விடும். விமானத்தில் கைப்பையில் வராது, பெரிய பெட்டியில் போடுங்கள். ஷூ புதிதாக இருக்கக்கூடாது, அரை அளவு பெரியதாக இருக்கலாம், கால் நகம் ஒட்ட வெட்டியிருக்கவேண்டும். இறக்கத்தில் நகம் முன்னால் இடித்துக் கறுத்துப்போய் வந்து நிற்பவர்கள் முட்டிக்காரர்களைவிட அதிகம்.

கூட்டம் என்பது சீட்டோடு முடிவதில்லை. அங்கே மிஸ்ட் டிரெயில் என்று ஒரு பாதை. வெர்னல் அருவியை ஒட்டி 600க்கும் மேற்பட்ட கருங்கல் படிகள், அருவியில் தண்ணீர் மிகுந்த மாதங்களில் சாரலில் நனைந்து கிடப்பவை. கோடையில் அதில் திருவிழாக் கூட்டம். பின்னால் ஆள் நெருக்கினால் நம் கால் தானாக வேகமெடுக்கும். ஓரமாக ஒதுங்கி, “நீங்கள் போங்கள்” என்று சொல்லப் பழகவேண்டும். இத்தனை பேர் நடக்கிற இடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்ற தைரியமும் கூட்டம் தருவதுதான். 2011 ஜூலையில் அதே வெர்னல் அருவியின் மேல், தடுப்புக் கம்பியைத் தாண்டித் தண்ணீரில் இறங்கிய மூன்று பேரை அருவி அடித்துக்கொண்டு போனது. சுற்றிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி உருகி வரும் ஆறு, முழங்கால் ஆழத்திலேயே ஆளைச் சாய்க்கும். நம் கடலில் நீந்திய பழக்கம் அங்கே உதவாது.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. டுவாலமி புல்வெளி 2,600 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து வருபவர்கள் அன்று மாலையே அங்கே கூடாரம் போட்டால் தலைவலி, குமட்டல் வர வாய்ப்புண்டு, வயதும் உடற்பயிற்சியும் அதற்குப் பொருட்டல்ல. 1,200 மீட்டரில் இருக்கும் பள்ளத்தாக்கில் முதல் இரவைக் கழியுங்கள். சீட்டு வைத்திருப்பவர்களுக்கு முந்தைய இரவு தங்க அங்கே தனி முகாம் இருக்கிறது. தலைவலி வந்தால் மேலே ஏறாதீர்கள், கூடினால் இறங்குங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் புறப்படுமுன் தங்கள் மருத்துவரைப் பாருங்கள், இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை நானே சொல்லியாக வேண்டும். ஒன்று, கடுமையான இறக்கத்துக்குப் பிறகு சிறுநீர் பால் கலக்காத கட்டித் தேநீர் நிறத்தில் போனால், அது தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போவதன் அறிகுறி. படுத்து ஓய்வெடுக்கும் விஷயமல்ல, உடனே மருத்துவமனை. மற்றொன்று, பயணம் முடிந்து விமானத்தில் இருபது மணி நேரத்துக்கு மேல் மடக்கி உட்கார்ந்து வந்தபின் ஒரே ஒரு கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. ஒரு அம்மா, “மலையில் நடந்த வலி, எண்ணெய் போட்டு நீவிவிடு கண்ணு” என்று வந்தார். இரண்டு காலையும் நாடாவால் அளந்தேன். இடது கெண்டை மூன்று சென்டிமீட்டர் பெருத்திருந்தது. கை வைக்காமல் அப்படியே ஸ்கேனுக்கு அனுப்பினேன். ரத்தக்கட்டி. நடந்த வலி என்றால் பெரும்பாலும் இரண்டு கெண்டையும் வலிக்கும். ஒன்று மட்டும் என்றால் யாரையும் நீவவிடாதீர்கள்.

தம்பி மூன்று மாதத்தில் தேறிவிட்டார், பயிற்சியெல்லாம் வீடியோ காலில்தான் நடந்தது. அடுத்த கோடைக்கு அவர் மறுபடி மனு போட்டிருக்கிறார், இந்த முறை அப்பா அம்மாவையும் சேர்த்து. பட்டியலில் மூன்றே மூன்று பாதைகள், எல்லாம் மெல்ல ஏறி மெல்ல இறங்குபவை. சீட்டு விழுந்ததா என்று இன்னும் தெரியவில்லை. அப்பா ரெட்டியார்பாளையத்திலிருந்து மாதம் இரண்டு முறை செஞ்சிக்குப் போய்வருகிறார். போன வாரம் இருவரும் கிளினிக்குக்கு வந்தபோது, “ராஜகிரி இறங்கும்போது எத்தனை இடத்தில் உட்கார்ந்தீர்கள் சார்?” என்று கேட்டேன்.

“இரண்டு” என்றார்.

பின்னால் நின்றிருந்த அம்மா சத்தமில்லாமல் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.