குறிலும் நெடிலுமாய்ப் பதிந்த நிரல்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் 1980களில் வீட்டுக்குக் கணினி வாங்கியவர்களின் அலமாரிகளைத் துழாவினால், திரைப்பாடல் கேசட்டுகளுக்கு நடுவே, வானொலிப் பெட்டியில் போட்டால் கீச்சென்று இரைவதைத் தவிர வேறொன்றும் கேட்காத கேசட்டுகள் சில அகப்படலாம். அவை பழுதான கேசட்டுகள் அல்ல. அந்த இரைச்சலே கணினி நிரல். அவற்றை மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன: பழைய கணினியையே உயிர்ப்பிப்பது ஒன்று, அதைப்போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளை இன்றைய கணினியில் நிறுவுவது மற்றொன்று. எந்த வழியில் போனாலும் ஓர் உண்மை எதிரே வந்து நிற்கும்: அக்காலக் கணினிகளில் கட்டளைகளின் வரிசை மட்டும் நிரலாகாது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் நிரலின் பகுதியே.

சின்கிளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் இசட்80 செயலி நொடிக்கு 35 இலட்சம் முறை துடிக்கும் கடிகாரத்தில் இயங்கியது. நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். நிரல்களைச் சேமிக்கச் சாதாரணக் கேசட் பிளேயரே போதும். கேசட்டிலிருந்து வரும் ஒலியைக் கணினி ஒலியாகக் கேட்பதில்லை. மின்னழுத்தம் மேலிருந்து கீழோ, கீழிருந்து மேலோ புரளும் கணங்களை மட்டும் கவனித்து, ஒரு புரளலுக்கும் அடுத்ததற்கும் இடையே கழிந்த நேரத்தை அளக்கிறது. இந்த இடைவெளியே ஓர் அரையலை. 855 கடிகாரத் துடிப்பு நீளமுள்ள அரையலை இரண்டு அடுத்தடுத்து வந்தால் அது சுழியம். 1710 துடிப்பு நீளமுள்ளவை இரண்டு வந்தால் அது ஒன்று. தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று அளவு வகுத்ததைப் போலவே இங்கும் விகிதம் சரியாக ஒன்றுக்கு இரண்டு.

தரவு தொடங்குவதற்கு முன் ஏறத்தாழ 807 ஹெர்ட்ஸில் ஒரே சீரான ஒலி கேட்கும். ஒவ்வோர் அரையலையும் 2168 துடிப்பு நீளமுள்ள இந்த ஒலி தலைப்புப் பகுதிக்கு முன் சுமார் ஐந்து நொடியும், தரவுப் பகுதிக்கு முன் சுமார் இரண்டு நொடியும் நீடிக்கும். திரையின் ஓரத்தில் சிவப்பும் இளநீலமுமான பட்டைகள் உருள்வது அப்போதுதான். அதன்பின் 667, 735 துடிப்பு அளவுள்ள இரண்டு குறுகிய அரையலைகள் வந்து 'இனி தரவு' என்று அறிவிக்கின்றன; பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறுகின்றன. தலைப்புப் பகுதியின் 17 பைட்டுகளில் நிரலின் வகை, பத்து எழுத்துக்குள் அடங்கும் பெயர், நீளம் ஆகியவை இருக்கும். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் சரிபார்ப்புக்கு ஒரு பைட் உண்டு. அது பொருந்தாவிட்டால் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்ற அறிவிப்பு வரும். நான்கைந்து நிமிடம் காத்திருந்த சிறுவர்களுக்கு அதைவிடக் கொடிய ஆங்கிலத் தொடர் இருந்திருக்க முடியாது.

சுழியத்துக்குக் குறைந்த நேரமும் ஒன்றுக்குக் கூடுதல் நேரமும் ஆவதால், ஏறும் வேகம் தரவின் உள்ளடக்கத்தைப் பொறுத்தது. ஸ்பெக்ட்ரத்தின் முழுத் திரைப் படம் 6912 பைட். அதில் எல்லாம் சுழியமானால் 27 நொடியில் ஏறிவிடும். எல்லாம் ஒன்றானால் 54 நொடி பிடிக்கும். வெறுமையான படம் விரைவாக ஏறுவதற்கு இதுவே காரணம்.

கேட்டது குறிலா நெடிலா என்று கணினி எப்படித் தீர்மானிக்கிறது? இரண்டு அரையலைகளும் சேர்ந்து ஏறக்குறைய 2400 துடிப்புக்குள் முடிந்தால் சுழியம், அதைத் தாண்டினால் ஒன்று என்பது கணினியின் நிலைநினைவகத்தில் எழுதப்பட்ட விதி. சுழியத்தின் முழு நீளம் 1710, ஒன்றின் நீளம் 3420 என்பதால், பிளேயர் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ சுற்றினாலும் குழப்பம் வராது. ஆகவே கேசட் ஏற மறுத்தால் முதலில் வேகத்தைச் சந்தேகிப்பது வீண் வேலை என்பது என் கருத்து. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு சுழியம் நாடாவில் பிடிக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. பிளேயரின் தலை சிறிது சாய்ந்திருந்தாலும் இவ்வளவு நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். தலைக்கு அருகிலுள்ள சிறு திருகைத் திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தினாலே பாதிக் கேசட்டுகள் ஏறிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவின் மேல் வெண்ணிறப் பூஞ்சை படர்வது வேறொரு தொல்லை. அத்தகைய கேசட்டைத் துடைக்காமல் ஓட்டினால் தலை அழுக்கடைந்து, நல்ல கேசட்டுகளும் கெடும்.

எனவே எந்தக் கேசட்டையும் முதலில் இன்றைய கணினியில் ஒலியாகப் பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை. நொடிக்கு 44,100 மாதிரி என்ற வழக்கமான அளவில் மிகக் குறுகிய தரவு அரையலைக்கும் பத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் கிடைக்கின்றன, அது போதும். பதிவைச் சுருக்காமல் வேவ் கோப்பாக வைப்பது நல்லது, ஏனெனில் எம்பி3 மனிதச் செவிக்கு உறைக்காதவற்றை நீக்கும் முறை. கணினிக்கோ அலை புரளும் கணம்தான் முக்கியம். பதிவைக் கைப்பேசியில் ஏற்றி, கம்பி வழியாகக் கணினியின் 'இயர்' துளையில் இணைத்து, ஒலியளவை நன்றாகக் கூட்டி ஓட்டினால் கைப்பேசியே கேசட் பிளேயராகிவிடும். நடுவில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று ஒலியெழுப்பினால் அத்தனையும் பாழ்.

எமுலேட்டரிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. ஃபியூஸ் போன்ற ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள், கேசட் படிக்கும் கட்டளைத் தொகுதியைக் கணினி அழைக்கும்போது குறுக்கிட்டு, பைட்டுகளை நொடியில் நேராக நினைவகத்தில் வைத்துவிடும். ஆனால் நகலெடுப்பதைத் தடுக்கவோ விரைவாக ஏற்றவோ சொந்தமாகப் படிப்பு முறை எழுதிக்கொண்ட விளையாட்டுகள் அந்தத் தொகுதியை அழைப்பதே இல்லை. அவற்றுக்கு, ஒவ்வோர் அரையலையின் நீளத்தையும் குறித்துவைக்கக்கூடிய டிஇசட்எக்ஸ் கோப்பைத் துடிப்பு பிசகாமல் ஓட்டிக் காட்ட வேண்டும்.

திரைக்கும் இது பொருந்தும். ஸ்பெக்ட்ரம் ஒரு திரைச் சட்டகத்தை, அதாவது திரை ஒரு முறை புதுப்பிக்கப்படும்போது வரையும் முழுப் படத்தை, 312 வரிகளாக, வரிக்கு 224 துடிப்பு வீதம், 69,888 துடிப்புகளில் வரைகிறது. கீழ்ப்பகுதி 16 கிலோபைட் நினைவகம் செயலிக்கும் திரையை வரையும் யூஎல்ஏ சில்லுக்கும் பொதுவானது. யூஎல்ஏ படிக்கும் நேரத்தில் செயலி அங்கே கை வைத்தால் அதன் கடிகாரம் நிறுத்திவைக்கப்படும். (அக்காலக் கணினிகளின் உறையைத் திறந்தால் 'மலேசியா' என்று அச்சிட்ட சில்லுகள் கண்ணில் படுவது அரிதல்ல, பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972-லேயே ஆலை தொடங்கியிருந்தது.) திரையோரத்தில் வண்ணச் சித்திரம் காட்டும் நிரல்கள் இந்தத் தாமதத்தையும் எண்ணிக் கணக்கிட்டே எழுதப்பட்டவை. கட்டளைகளைச் சரியாக நிறைவேற்றி, தாமதத்தை மட்டும் விட்டுவிட்ட எமுலேட்டரில் அந்தச் சித்திரங்கள் கோணலாகும்.

ஓட்டிப் பார்க்கும் நிரல் யாருடையது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்க்கிறது. பழையது என்பதாலேயே அது பொதுச் சொத்தாகிவிடாது.

கடைசியாக, நாட்டுக்கு நாடு மாறும் நேரம். மலேசியத் தொலைக்காட்சி பிரிட்டனைப் போலவே பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது: நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் அது 60. கமடோர் 64 கணினியின் பால் வகையில் ஒரு சட்டகத்துக்குள் செயலிக்கு 19,656 துடிப்புகள் கிடைக்கின்றன. என்டிஎஸ்சி வகையில் 17,095 மட்டுமே. ஆகவே பால் கணினியின் நேரம் முழுவதையும் பயன்படுத்தும் ஐரோப்பிய நிரல் அமெரிக்கக் கணினியில் நேரம் போதாமல் தடுமாறக்கூடும். மறுபுறம், சட்டகத்துக்கு ஒரு முறை இசையை நகர்த்தும் அமெரிக்க விளையாட்டு நம் நாட்டுக் கணினியில் ஆறில் ஒரு பங்கு மந்தமாக ஒலிக்கும். நாடா தேய்ந்ததால் இசை இழுபடுகிறது என்று நம்பியவர்கள் உண்டு. நாடா தேய்ந்தால் நிரல் ஏறாமல் போகுமே தவிர, ஏறிய நிரலின் இசை மெதுவாகாது. வைஸ் என்ற கமடோர் எமுலேட்டரில் பால், என்டிஎஸ்சி இரண்டையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்; ஒரே விளையாட்டை இரண்டிலும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்டால் இந்த வேறுபாடு உடனே காதில் படும்.