எடிட்டிங்கில் காணாமல் போகும் இல்லறம்

அமெரிக்காவின் எம்டிவி தொலைக்காட்சியில் 2003 ஆகஸ்டில் தொடங்கிய, ஒரு புதுமணத் தம்பதியின் அன்றாட வாழ்க்கையைக் காட்டிய ‘நியூலிவெட்ஸ்’ நிகழ்ச்சியை முழுதாகப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த டூனா மீன் காட்சி தெரிந்திருக்கும். பாடகி ஜெசிகா சிம்சன், தான் சாப்பிடுவது கோழியா மீனா என்று கணவர் நிக் லஷேயிடம் கேட்பார். டின்னில் ‘சிக்கன் ஆஃப் த ஸீ’ என்ற பெயர் இருந்ததால் வந்த குழப்பம் அது. யார் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் வரக்கூடிய கேள்விதான். ஆனால் இருபது ஆண்டுகள் தாண்டியும் அவர் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருவரும் 2002 அக்டோபரில் மணந்தார்கள். நிகழ்ச்சி 2005இல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெசிகா மணவிலக்குக்கு மனு செய்தார். பிரிவுக்கு நிகழ்ச்சிதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நாம் கவனிக்க வேண்டியது, அது எதைக் காட்டியது, எதை விட்டது என்பதைத்தான்.

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக இருபது நிமிடம் சொச்சம்தான் மிஞ்சும். அதற்காக மணிக்கணக்கில் படம் எடுப்பார்கள். கணவனையும் மனைவியையும் பிற்பாடு தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அந்தப் பதிலை நடந்த காட்சியின் நடுவே செருகுவார்கள். வேறு வேறு நேரத்தில் சொன்ன வார்த்தைகளை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதும் உண்டு. அந்தத் தொழிலில் இதை ‘ஃபிராங்கன்பைட்’ என்பார்கள். குரல் கேட்கும்போது பேசுபவரின் உதடு தெரியாமல் மற்றவர் முகம் வந்தால், ஒரே சண்டைக்குள் தலைமுடியோ வெளிச்சமோ மாறியிருந்தால், அங்கே கத்தரி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தக் கத்தரியில் போவது எது? அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனும் புதுமணத் தம்பதிகளைப் படம் எடுத்தார், ஆனால் ஆய்வுக்காக. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு போலவே அமைத்த ஆய்வுக்கூடத்தில் அவர்களைத் தங்கவைத்தார். நிலைத்த மணவாழ்க்கையில், வாக்குவாதத்தின்போதுகூட ஒரு கசப்பான பேச்சுக்கு ஐந்து இணக்கமான பேச்சோ செய்கையோ இருந்ததாக அவர் கண்டார். இன்னொன்றும் தெரியவந்தது. “இங்க வாங்களேன், கீழ வாய்ட் டெக்ல கல்யாணப் பந்தல் போடுறாங்க” (வாய்ட் டெக் என்பது சிங்கப்பூர் அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளம்) என்பது போன்ற சின்ன அழைப்புகள் எந்த வீட்டிலும் நாள் முழுக்க வரும். ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்குச் செவிசாய்த்திருந்தார்கள். பிரிந்தவர்களிடம் அது 33 விழுக்காடுதான்.

தொலைக்காட்சிக்கு அந்த ஐந்து இணக்கமான பேச்சும் செய்கையும் தேவையில்லை. ஜன்னலோரம் வந்து நின்று “ஆமா, பெரிய பந்தல்தான்” என்று சொல்லும் கணவனை எந்த எடிட்டரும் வைத்துக்கொள்ள மாட்டார். அந்த ஒரு கசப்பான பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் இசை போடுவார். அதைப் பார்த்துவிட்டு, பிடிஓ (முன்பதிவு செய்தபின் கட்டித் தரப்படும் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாவிக்குக் காத்துக்கொண்டு மாமியார் வீட்டு அறையில் குடித்தனம் நடத்தும் ஒரு ஜோடி, ‘நம்மிடம் அந்தப் பரபரப்பும் இல்லை, அந்தக் கொஞ்சலும் இல்லை’ என்று குறைப்பட்டுக்கொள்கிறது. குறை அவர்களிடம் இல்லை, அளவுகோலில்தான் இருக்கிறது.

இப்போது கேமரா நம் கையிலேயே இருக்கிறது. சண்டை நடக்கும்போது கைபேசியை உயர்த்துவதுதான் மிக மோசம். கோபத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், எதிரில் இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது. உடல் அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். பதிவு ஓடுகிறது என்று தெரிந்ததும் இருவரும் பார்க்கப்போகிறவர்களை நோக்கிப் பேசத் தொடங்குகிறார்கள், துணையிடம் அல்ல. (அடி, மிரட்டல் என்று அச்சம் இருந்தால் அது வேறு விஷயம். அங்கே முதலில் பாதுகாப்பு, சிங்கப்பூரில் 999ஐ அழையுங்கள்.)

மணவாழ்க்கையைக் காணொளியாக்க இருவரும் மனமொப்பி விரும்பினால், எடுத்த அன்றே பதிவேற்றாதீர்கள். இறுதி வடிவத்தை இருவரும் சேர்ந்து, ஒலியோடு பாருங்கள். ஒருவர் “வேண்டாம்” என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். சம்பளம், மசேநி (மத்திய சேமநிதி) கணக்கு, இரு வீட்டுப் பெரியவர்கள், கருவுறுதல் பற்றிய பேச்சு ஆகியவை கேமராவுக்கு வெளியே இருக்கட்டும். அத்தையோ பணிப்பெண்ணோ பின்னால் நடந்து போனால் அவர்களிடமும் கேளுங்கள். வீட்டு எண், கடித உறை, ஜன்னல் வழியே தெரியும் எதிர் பிளாக் எண் ஆகியவற்றைச் சட்டகத்துக்குள் விடாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதும் வெளியிடுவதுதான். அங்கிருந்து எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

கணக்கு யார் பெயரில், கடவுச்சொல் யாரிடம், விளம்பர வருமானம் எப்படிப் பங்கு, பிரிய நேர்ந்தால் பழைய காணொளிகளை யார் நீக்குவது என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். தயாரிப்பு நிறுவனம் ஒப்பந்தம் நீட்டினால், ஒளிபரப்புக்கு முன் பார்க்கும் உரிமை உண்டா, துண்டுக் காட்சிகளை எத்தனை ஆண்டுகள் பயன்படுத்துவார்கள், நடுவில் விலகினால் எடுத்தது என்ன ஆகும் என்ற மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.