வெட்டித் திருப்பிய பிரெஞ்சு

பிரெஞ்சில் நன்றி சொல்ல ‘மெர்சி’. பாரிஸ் புறநகர் இளைஞர்கள் அதையே ‘சிமெர்’ என்பதுண்டு. மெர், சி என்று வெட்டி இடம் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பேச்சுக்குப் பெயர் வெர்லான். தலைகீழ் என்ற பொருளில் வரும் ‘லான்வெர்’ என்பதை வெட்டித் திருப்பினால் அதுதான் கிடைக்கும்.

எங்கே வெட்டுவது? இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மெய் இருந்தால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரியும், மெர்-சி அப்படித்தான். ஆனால் த்ர, ப்ல போன்ற ஜோடிகள் பிரியாமல் அடுத்த அசைக்கே போகும். ‘மெத்ரோ’ ரயில் ‘த்ரோமே’ ஆவது அதனால்தான். (மெத்ரோவே ‘மெத்ரோபொலித்தேன்’ என்ற ஐந்தசைச் சொல்லை நறுக்கி எடுத்த தலைதான்.)

சரி, திருப்பினால் உச்சரிப்பு குழம்பாதா? ஆங்கிலத்தில் குழம்பும். பனானா என்றால் அழுத்தம் நடு ‘நா’வில்தான் விழ வேண்டும். பிரெஞ்சில் அழுத்தம் எந்த அசைக்கும் சொந்தமில்லை. கடைசியில் நிற்பது எதுவோ அதற்குப் போகும். மெர்சியில் ‘சி’க்கு, சிமெரில் ‘மெர்’ருக்கு. சொல்லுக்குக்கூட அது நிரந்தரம் இல்லை. ‘ஷொகொலா’ என்று தனியே சொன்னால் ‘லா’வில் விழும். சூடான சாக்லேட் கேட்டு ‘ஷொகொலா ஷோ’ என்றால் ‘ஷோ’வுக்கு நழுவிவிடும்.

எனக்குப் பிடித்தது ஓரசைச் சொற்களின் கதை. பெண் என்பதற்கு ‘ஃபாம்’. எழுத்தில் கடைசியில் ஓர் உயிர் உண்டு, பேச்சில் ஒலிக்காது. திருப்பும்போது அது விழித்துக்கொள்ளும்: ஃபா-மெ, மெ-ஃபா, அப்புறம் வால் உதிர்ந்து ‘மெஃப்’. (இந்த ‘எ’யை உதட்டை ‘ஒ’வுக்குக் குவிப்பதுபோல் குவித்துச் சொல்ல வேண்டும்.) போலீஸ்காரரைக் குறிக்கும் ‘ஃப்ளிக்’ எழுத்தில்கூட அந்த உயிர் இல்லாதது. அதற்கும் ஒன்றை ஒட்டி, திருப்பி, ‘கெஃப்’ ஆக்கிவிட்டார்கள். பால் மட்டும் மாறுவதில்லை: மெஃப் பெண்பால்தான், கெஃப் ஆண்பால்தான்.

அரபியரைக் குறிக்கும் ‘அராப்’ இதே வழியில் ‘பெர்’ ஆனது. வட ஆப்பிரிக்கப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்தவர்களைக் குறிக்கும் சொல் அது. 1983-இல் மார்சேயிலிருந்து பாரிஸ் வரை நடந்த இனவெறி எதிர்ப்பு நடைபயணத்தைப் பத்திரிகைகள் ‘பெர்களின் நடைபயணம்’ என்றே எழுதின. சொல் அகராதியிலும் ஏறியது. ஊரே சொல்லத் தொடங்கிவிட்ட சொல்லை இளைஞர்கள் இன்னொரு முறை வெட்டித் திருப்பினார்கள்: ‘ரெபெ’.