ஹெட்ஃபோனில் பாதி ஒலி மெத்தையில் இருக்கிறது

காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு, பேஸ் கிட்டாரும் டிரம்மும் நன்றாக முழங்கும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களைக் காதோடு சேர்த்து லேசாக அழுத்துங்கள். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சட்டென்று கனத்தால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். அடுத்து, காதுக்குப் பின்னால், கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் மெத்தையின் ஓரத்தை ஒரு விரலால் சற்றே தூக்கிப் பாருங்கள். பாடுபவரின் குரல் ஏறக்குறைய அப்படியே கேட்கும். டிரம்மின் 'தும்' மட்டும் மெலிந்துபோயிருக்கும்.

காரணம் எளிது. கிண்ணத்துக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஹெட்ஃபோன்களில் அது சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். அதோடு ஒட்டிய கம்பிச்சுருள் ஒரு காந்தத்தின் இடுக்கில் நிற்கிறது. பாட்டு மின்சாரமாகச் சுருளுக்குள் பாயும்போது, சுருளும் சவ்வும் முன்னும் பின்னும் அசைகின்றன. சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்ட காற்று அழுந்தி விரிகிறது. அந்த அழுத்த மாற்றத்தைத்தான் ஒலியாகக் கேட்கிறோம். 40 ஹெர்ட்ஸ் பேஸ் என்றால் சவ்வு நொடிக்கு 40 முறைதான் போய் வருகிறது. மெத்தையில் சிறு இடைவெளி இருந்தாலும், அழுத்தம் சேர்வதற்குள் காற்று நிதானமாக வெளியேறிவிடும். 4,000 ஹெர்ட்ஸில் அதற்கு அவகாசமே கிடைக்காது. காற்று நழுவுமுன் சவ்வு திசை மாறிவிடுகிறது. காதுக்குள் செருகும் இயர்பட்ஸில் சிலிக்கோன் முனை சரியாக அடைக்காவிட்டால் பேஸ் காணாமல்போவதும் இதனால்தான்.

ஆகவே ஒலித்தரம், சுகம், தோற்றம் ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றும் ஒரே பொருளில் பிணைந்தவை. ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் அசையும்.

கண்ணாடி அணிபவர்களுக்கு இது நன்றாகவே புரியும். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் புகுந்து ஒரு சின்னச் சுரங்கம் போட்டுவிடுகிறது. பேஸ் அந்த வழியாகப் போய்விடும். தலைப்பட்டை இறுக்கமாக இருந்தால் இடைவெளி அடைபடும், ஆனால் காம்பு பொட்டில் அழுந்தி அரை மணியில் வலிக்கத் தொடங்கும். இதற்கு நல்ல வழி, மென்மையான, தடித்த நுரை மெத்தை. குறைந்த பிடியிலேயே காம்பைச் சுற்றி வளைந்து மூடிக்கொள்ளும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் கைகொடுக்கும்.

மெத்தையின் மேலுறையும் ஒலியை மாற்றும். செயற்கைத் தோல் காற்றை நன்றாக அடைக்கும், ஆனால் காது வியர்க்கும். வெல்வெட் போன்ற துணி குளுமையாக இருக்கும், காற்றையும் கொஞ்சம் விட்டுவிடும். அந்தந்த மெத்தையை மனதில் வைத்துத்தான் தயாரிப்பாளர்கள் ஒலியைச் சீரமைக்கிறார்கள். நாள்பட்டுத் தோல் உரிந்து நுரை அமுங்கியபின் வேறு வகை மெத்தையை மாட்டினால், அதே ஹெட்ஃபோன் வேறு குரலில் பேசும். அசல் மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே விசாரித்துவிடுவது நல்லது.

எடையைப் பொறுத்தவரை, 250 கிராமுக்கும் 400 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. இரண்டாவது மணியில் உச்சந்தலைக்குத் தெரியும். பட்டை அகலமாக இருந்தால் பாரம் பரவும்.

தோற்றத்துக்கு வருவோம். தட்டையான, ஒல்லியான கிண்ணம் முகத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் ஆழம் குறைந்தால் காதுமடல் உள்ளே சவ்வை மூடிய துணியில் உரசும். காதின் மேல் அமரும் சிறிய வகை குருத்தெலும்பையே அழுத்துகிறது. காதுக்குத் தாராளமாக இடம் விடும் கிண்ணம் தலைக்கு இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும். பின்புறம் வலைபோட்ட திறந்த வகையின் அழகு தனி. 1968-இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 அதன் முன்னோடி. ஒலி தலைக்கு வெளியே விரிவது போன்ற உணர்வைத் தரும். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் நம் பாட்டு கேட்கும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். தனி அறைக்கு அது; பயணத்துக்கு மூடியது.

நல்ல ஒலி என்று எதைச் சொல்வது? நம் செவிக்குழல் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அதன் நீளத்தால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் இயல்பாகவே உரத்து ஒலிக்கும். அறையில் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி தோள், தலை, காதுமடல் எல்லாவற்றிலும் பட்டு உருமாறித்தான் செவிப்பறையைச் சேர்கிறது. ஹெட்ஃபோன் அந்தப் பாதையைத் தாண்டிவிடுவதால், எல்லா அதிர்வெண்களையும் செவிப்பறையில் சம அளவில் தந்தால் பாட்டு மங்கிக் கேட்கும். ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2010-களில் இதை ஆராய்ந்தார்கள். எந்த ஹெட்ஃபோன் என்று தெரியாதபடி கேட்கவைத்தபோது, நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதை ஒத்த சமநிலையையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ஹெட்ஃபோனின் விலைக்கும் அதன் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பு காணவில்லை என்று 2017-இல் ஒலி ஆய்வாளர் யெரோன் பிரேபார்ட் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பெட்டியின் மேல் '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதும் பெரிதாக உதவாது. மனிதச் செவியின் எல்லை சுமார் 20 முதல் 20,000 வரைதான். அந்த எல்லைக்குள் ஏற்றத்தாழ்வு எப்படி என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை.

நாய்ஸ் கேன்சலேஷன், ஹெட்ஃபோனில் உள்ள மைக்கில் விழும் இரைச்சலுக்கு எதிரான அலையை உண்டாக்கி அதை அடக்குகிறது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர், எஞ்சின் உறுமல் போன்ற அத்தகைய ஒலியைச் சமன்செய்வது எளிது. சில சென்டிமீட்டர் நீளமே உள்ள உச்ச ஒலிகளை அதனால் துரத்திப் பிடிக்க முடியாது. அவற்றைத் தடுப்பது மெத்தையின் வேலை. வெளிச்சத்தம் அடங்கினால் ஒலியளவைக் கூட்டும் தேவையும் குறைகிறது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும்.

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது முதலில் ஒலியளவைச் சமமாக்குங்கள். சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். சத்தம் கூடும்போது காது பேஸை இன்னும் நிறைவாகக் கேட்பதும் ஒரு காரணம். மனப்பாடமான பாட்டையே போடுங்கள். வழக்கமான கண்ணாடியோடும் தலைமுடியோடும் மாட்டி, குனிந்து, தலையைத் திருப்பி, தாடையை அசைத்துப் பாருங்கள். இதில் எங்கும் பேஸ் விட்டுவிட்டுக் கேட்காதவற்றை மட்டும் எடுத்து வைத்து, அரை மணி நேரமாவது கழற்றாமல் கேளுங்கள். அதிலும் தேறியவற்றுக்குள், கண்ணுக்குப் பிடித்த நிறத்தையும் வடிவத்தையும் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.