வீடியோவிலேயே தேதி இருக்கிறதாம்

போன வாரம் ஒருவர் பேட்டன்ட் (காப்புரிமை) விண்ணப்பம் போட என் அலுவலகத்துக்கு வந்தார். விமானப் படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சேற்று வயலில் உர மூட்டை கொண்டுபோக, காற்றில் மிதக்கும் வண்டி ஒன்றைச் செய்திருக்கிறார். நடுவில் ஃபேன், சுற்றிலும் தார்ப்பாயில் தைத்த பாவாடை. உண்மையிலேயே நல்ல வேலை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "இதை வெளியாட்களுக்குக் காட்டியிருக்கீங்களா?"

"ஒன்றரை வருஷம் முன்னாடியே ஒரு காலேஜ் விழாவுல ஓட்டிக் காட்டினேன் சார். உள்ளே எல்லாத்தையும் கழற்றி விளக்கினேன். மருமகன் யூடியூப்ல போட்டுட்டார். நான்தான் முதல்ல செஞ்சேன்னு இதைவிட என்ன ஆதாரம் வேணும்? வீடியோவிலேயே தேதி இருக்கு."

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

ஐயா, அந்தத் தேதிதான் உங்களைக் கவிழ்க்கிறது. பேட்டன்ட் ஆபீசில் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் முதலில் தேடுவதே, விண்ணப்பித்த நாளுக்கு முன்னால் இந்த விஷயம் உலகத்தில் எங்காவது வெளியாகியிருக்கிறதா என்பதைத்தான். வெளியாகியிருந்தால் அது புதுசு இல்லை, பேட்டன்ட் கிடையாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் வெளியீடு வெளியீடுதான்.

"முதலில் கண்டுபிடித்தவனுக்குத்தான் உரிமை" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 2013 மார்ச் வரை சட்டம் அப்படித்தான் இருந்தது. இப்போது அங்கேயும் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்ததில்லை. வரைபடத்தை உறையில் போட்டு, தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் ஆட்களை வருடத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். அந்த உறையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நோட்டரி முத்திரை, டைரி, தனக்குத் தானே அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் அதே கதைதான். இவையெல்லாம் நீங்கள் எப்போது யோசித்தீர்கள் என்பதைக் காட்டும். அதை யாரும் கேட்கவில்லை. எப்போது விண்ணப்பித்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

வந்தவரும் படையில் இருந்தவர், வண்டியும் ஹோவர்கிராஃப்ட் (காற்று மெத்தையில் மிதக்கும் ஊர்தி) வகை என்பதால் அவருக்கு சார்லஸ் பிளெட்சர் கதையைச் சொன்னேன். அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படை ரிசர்வில் இருந்த விமானி. காற்றை அடியில் அடைத்துவைத்து, தரையிலோ தண்ணீரிலோ ஒட்டாமல் மிதக்கும் ஊர்தி ஒன்றை வடிவமைத்து, 'கிளைட்மொபைல்' என்று பெயர் வைத்தார். பத்து அங்குலத்திலிருந்து இரண்டடி வரை எழும்பும். அடைபட்ட காற்றை அளவாகத் திறந்துவிட்டுத்தான் ஊர்தியைக் கட்டுப்படுத்த வேண்டும். நியூ ஜெர்சி மாநிலத்தில் அவருடைய ஊரான ஸ்பார்டாவில், பீசர்ஸ் பாண்ட் என்ற குளத்தில் ஓட்டிப் பார்த்தார். அதோடு சரி. போர்த் துறை அதை எடுத்துக்கொண்டு ரகசியம் என்று முத்திரை குத்திவிட்டது. பேட்டன்ட் வாங்க வழியில்லாமல் போய்விட்டது.

பல வருடங்கள் அந்தப் பெயரே யாருக்கும் தெரியவில்லை. ஹோவர்கிராஃப்ட் என்றால் உலகம் சொல்வது கிறிஸ்டோபர் காக்கரெல் என்ற ஆங்கிலேயரின் பெயரைத்தான். பிற்பாடு காக்கரெலின் பேட்டன்டை மீறிவிட்டதாக பிரிட்டிஷ் ஹோவர்கிராஃப்ட் நிறுவனம் அமெரிக்க அரசின் மீதே வழக்குப் போட்டு, 10 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டது. அந்த வழக்கு வந்தபோதுதான் பிளெட்சரின் பழைய வேலை வெளிச்சத்துக்கு வந்தது. நிறுவனம் தோற்றது. ஆனால் அதனால் பிளெட்சரின் கைக்குப் பேட்டன்ட் வந்துவிடவில்லை. தொழில்முறையில் எனக்கு வலிக்கிற இடம் இதுதான். ஒருவருடைய பழைய வேலை அடுத்தவரின் உரிமையை அசைக்கப் பயன்படலாம், ஆனால் அவருக்கே உரிமையாக மாறாது. பிளெட்சர் அதன் பிறகும் சொந்த நிறுவனம் நடத்தி, 2011 வரை வாழ்ந்தார்.

காக்கரெல் விமானியில்லை, ரேடியோ பொறியாளர். மார்க்கோனி நிறுவனத்தில் இருந்துவிட்டு, படகு கட்டப் போனவர். 1955இல் ஒரு பூனைத் தீவன டப்பாவை காபி டப்பாவுக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி வழியாகக் காற்றை ஊதினார். கீழே சமையலறைத் தராசு. ஒற்றை டப்பா வழியாக ஊதியதைவிட வளையமாக ஊதியபோது தராசு அதிகமாக அமுங்கியது. ஓரத்தில் விழும் காற்று ஒரு திரை மாதிரி நின்று உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அவருடைய புதுமை அந்த வளையம். காற்று மெத்தையில் கப்பலை மிதக்கவிடும் யோசனை 1870களிலேயே தார்னிகிராஃப்ட் என்ற கப்பல் பொறியாளர் பேட்டன்ட் எடுத்த சங்கதி. 1915இல் ஆஸ்திரியக் கடற்படை அப்படி ஒரு படகையே ஓட்டிப் பார்த்திருக்கிறது. "எனக்கு ஒரு ஐடியா இருக்கு சார்" என்று வருகிறவர்கள் இந்த இரண்டு டப்பாவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்லாத ஐடியாவுக்குப் பேட்டன்ட் கிடையாது.

கவனியுங்கள், ரகசிய முத்திரை காக்கரெலுக்கும் விழுந்தது. கடற்படை இது விமானம் என்றது, விமானப் படை இது படகு என்றது. யாருக்கும் வேண்டாம், ஆனால் பட்டியலில் மட்டும் ரகசியம். ஆனால் அவர் 1955 டிசம்பரிலேயே விண்ணப்பித்துவிட்டார். 1958இல் முத்திரை விலகியபோது அந்தத் தேதி அப்படியே அவர் கையில் இருந்தது. 1959 ஜூலை 25 அன்று எஸ்.ஆர்.என்.1 என்ற ஹோவர்கிராஃப்ட் பிரான்ஸின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. காக்கரெலும் அதில் போனார், எடையைச் சமன்செய்ய முன்பக்கத் தளத்தில் ஒட்டிக்கொண்டு.

நம் சட்டத்திலும் ரகசிய உத்தரவு உண்டு, 35ஆம் பிரிவு. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் வெளியிடுவதை நிறுத்திவைப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். விண்ணப்பித்த தேதி எங்கேயும் போகாது. இதற்குப் பயந்துகொண்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை என்ன சொல்வது? அதே பயத்தில் நேராக வெளிநாட்டில் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். இங்கே குடியிருப்பவர் வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் முன் இங்கே அனுமதி வாங்க வேண்டும், அல்லது முதலில் இங்கே போட்டுவிட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

காட்டுவதற்கு முன்னால் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனி ஆளாக ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம். அதற்குள் தராவிட்டால் விண்ணப்பம் போய்விடும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். புரொவிஷனல் என்பதற்காக ஒரு பக்கத்தில் கிறுக்கித் தராதீர்கள், அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. "கண்காட்சியில் காட்டினால் ஒரு வருஷம் சலுகை உண்டாமே" என்பார்கள். உண்டு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி என்றால். உங்கள் காலேஜ் விழா அந்தப் பட்டியலில் இல்லை. யாரிடமாவது காட்டியே தீர வேண்டும் என்றால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் காட்டுங்கள், மாப்பிள்ளையாக இருந்தாலும். பேராசிரியர்களே, மாணவர்கள் பாவம், புராஜெக்ட் போட்டிக்கு அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வந்தவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னார், விழாவுக்குப் பிறகு வண்டியைத் திருப்ப ஓரத்தில் நாலு காற்றுக் கதவு வைத்திருப்பதாக, கம்பியை இழுத்தால் அந்தப் பக்கக் காற்று மட்டும் வெளியேறும்படி. எனக்கு பிளெட்சரின் குளம் ஞாபகத்துக்கு வந்தது. பழைய வேலைகளை ஒரு தடவை தேடிப் பார்க்காமல் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த யூடியூப் வீடியோவை இருவரும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். கதவு எங்கேயும் தெரியவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அடுத்த வாரம் எங்க ஊர்த் திருவிழா சார். புதுக் கதவோட ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டலாமா?"

பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன்.