குண்டூசியைப் பிடுங்காதீர்கள்

பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒருவர் பாரிஸில் வாங்கிய ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாலை விருந்துக்கான கவுன்: பிடியளவு இடை, தரையைப் பெருக்கும் பாவாடை, குவாஷ் என்ற நீரில் கரையும் வண்ணத்தில் இளஞ்சிவப்பு. 1950களில் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் தியோர் வரைந்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மேல் மூலையில் துருக்கறையோடு இரண்டு துளைகள். அங்கே தபால்தலை அளவில் ஒரு சதுரம் மட்டும் பழுப்பேறாமல் இருந்தது.

"ஒரு துணித்துண்டு குத்தியிருந்தது. ஊசி துருவேறியிருந்ததால் இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டேன்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் துண்டு ஓவியம் எங்கே பிறந்தது என்பதற்கான தடயம்.

1947 பிப்ரவரி 12 அன்று, பாரிஸின் மொந்தேன் அவென்யூ 30ஆம் எண் வீட்டில் கிறிஸ்தியன் தியோர் முதல் ஆடைத் தொகுப்பைக் காட்டினார். அவர் வரைந்து கொடுத்த சிறு படங்களை அவருடைய தையல் பொறுப்பாளர் மார்கரித் காரே தையற்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். முதலில் வெள்ளை மஸ்லினில் மாதிரி தைப்பார்கள். அது தேறிய பிறகுதான் பட்டா, சாட்டினா என்ற பேச்சு. ஆக, துணி குத்திய தாள் துணியைத் தேர்ந்த பிறகான கட்டத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இன்னொன்று. அந்நாளைய காட்சிகளில் பார்வையாளர்கள் படம் வரையத் தடை இருந்தது. நகலெடுப்பவர்கள் மனத்தில் பதித்துக்கொண்டு வெளியே போய் வரைந்தார்கள். அப்படி வரைந்தவர் கையில் அந்த உடையின் துணி இருக்க வாய்ப்பு குறைவு. தியோர் உடையின் ஓவியம் வேறு, தியோர் வரைந்த ஓவியம் வேறு, விலையும் வேறு. கையெழுத்தை எவரும் போட்டுவிடலாம். மாதாம் கிரே என்ற இன்னொரு பாரிஸ் வடிவமைப்பாளரோ துணியை நேரே உடல்மேல் மடித்து உடை செய்தவர். அவர் பெயரில் பளபளப்பான ஓவியம் வந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

எனவே ஊசி துருப்பிடித்திருந்தாலும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். துரு காகிதத்தை அரிக்கும், உண்மைதான். ஆனால் அதைக் கழற்றும் முன் இடத்தைப் படமெடுத்து, துணியை அமிலமற்ற உறையில் தனியே வைக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் குவாஷ் கரைந்து வந்துவிடும். தாளைச் சுருட்டினால் வண்ணத்தில் வெடிப்பு விழும். லேமினேஷன், செலோடேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெயில் விழாத சுவர், 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேற்படாத வெளிச்சம்.

அவர் வீட்டுக்குப் போய்த் தேடினார், துண்டு கிடைக்கவில்லை. தாளைத் திருப்பி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரு துளையின் துருவில் இளஞ்சிவப்பு இழை ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன்.