ஸ்பானிய ‘யா’: ஒரே கோடு, பல பொருள்கள்

அகராதியைத் திறந்தால் ‘யா’வுக்கு ‘ஏற்கெனவே’ என்று போட்டிருக்கும். ‘யா கொமி’ என்றால் சாப்பிட்டுவிட்டேன், சரிதான். ஆனால் ‘யா வோய்’ என்றால் இதோ வருகிறேன். ‘யா நோ யுவேவே’ என்றால் மழை விட்டுவிட்டது. வெறும் ‘யா!’ என்று அதட்டினால் போதும், நிறுத்து.

லத்தீன் ‘யாம்’ என்பதன் வழிவந்த இச்சொல் காலத்தைக் குறிப்பதைவிட மாற்றத்தையே அதிகம் குறிக்கிறது. ஒரு கோடு; அதற்கு முன் ஒரு நிலை, பின் அதற்கு எதிர்நிலை. கோட்டைத் தாண்டியாயிற்று என்பதே ‘யா’ சொல்லும் செய்தி. எதைத் தாண்டினோம் என்பதை வினைச்சொல் சொல்லிவிடும். தமிழில் இந்த வேலையில் பெரும்பங்கை ‘விடு’ என்ற துணைவினை பார்த்துக்கொள்கிறது. அதனால் மொழிபெயர்க்கும்போது ‘ஏற்கெனவே’யை எல்லா இடத்திலும் திணிக்கத் தேவையில்லை.

தடுமாற்றம் வருவது எதிர்மறையில். ‘யா நோ’ என்பதில் ‘நோ’ மறுப்பது வினையை மட்டுமே, ‘யா’வை அல்ல. ‘இல்லை’ என்ற நிலைக்குள் வந்துவிட்டோம், அதாவது ‘இனி இல்லை’. இன்னும் கோட்டைத் தாண்டவில்லை என்று சொல்ல ‘தோதாவியா நோ’ வேண்டும். ‘யா கொமிஸ்தே?’ (சாப்பிட்டாயா?) என்று கேட்பவரிடம், இன்னும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ‘யா நோ’ என்று பதில் சொன்னால், இனிச் சாப்பாடு வேண்டாம் என்பதுபோல் ஒலிக்கும், பரிமாறவந்தவர் திரும்பிப் போகலாம். ஜெர்மன் மொழியின் ‘ஷோன்’ (ஏற்கெனவே), ‘நொக்’ (இன்னும்) சொற்களிலும் இதே இணைப்பு உண்டு. மொழியியலாளர் செபாஸ்டியன் லோப்னர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஏற்பாட்டைத் தர்க்க முறையில் விளக்கியது.

எதிர்கால வினையோடு வந்தால் ‘யா’ இளகிவிடுகிறது. ‘யா தே யமாரே’ என்பது ‘கூப்பிடுகிறேன்’ என்ற ஆறுதல். எப்போது என்று கேட்கக்கூடாது. ‘யா கே’ என்று சேர்ந்தால் காலமே போய், ‘என்பதால்’ வகைக் காரணத் தொடர் ஆகிறது: ‘நீதான் வந்துவிட்டாயே, உட்கார்’ என்பதில் உள்ள ‘விட்டாயே’ போல.

ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. புவெனஸ் ஐரிஸில் இதை ‘ஷா’ என்றே உச்சரிப்பார்கள். சிலியில் தனி ‘யா’ பெரும்பாலும் ‘சரி’. ஸ்பெயினில் ‘யா, யா’ என்று இழுத்தால் நம்பவில்லை என்று அர்த்தம். அங்கே ‘யா மிஸ்மோ’ என்றால் இந்த நொடியே. புவேர்ட்டோ ரிக்கோவிலோ அது ‘கொஞ்ச நேரத்தில்’. அங்கே கடைக்காரர் அப்படிச் சொன்னால் உட்கார இடம் தேடிக்கொள்வது நல்லது.